பப்பாசிக் குழல்

இருட்டில் ஏ-ஒன்பது வீதியில் படுத்திருந்த மாடு
எழும்பி, வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.
மோதின மனிசனுக்குத்தான் தாடை பிளந்தது.

வவுனியா ஆஸ்பத்திரியில்
மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டி
ஆறு கிழமைக்கு வாயை மூடி அனுப்பினார்கள்.
"தண்ணியாய்க் குடுங்கோ அக்கா, சத்தாயும் குடுங்கோ."
இரண்டும் ஒரே கோப்பைக்குள் எப்படி நிற்கும் என்று
அந்தத் தாதி சொல்லவில்லை.

மாங்குளம் சந்தியில் லொத்தர் சீட்டு விற்கிற மனிசன்.
ஒலிபெருக்கி பழுதான நாட்களில்
வெறுந்தொண்டையே ஸ்டேசன் வரை கேட்கும்.
இப்போது
விழாமல்போன சீட்டுகளின் பின்பக்கத்தில்
நீலப் பேனையால் கதைக்கிறார்.
பக்கத்தில்தான் நிற்கிறேன். என்றாலும்
முதலில் "இஞ்சேரும்" என்று எழுதி
கீழே கோடு போட்டுவிட்டுத்தான் விஷயம்.

முதல்நாள் பூசணியை அவித்து மசித்தேன்.
கடைக்காரப் பெடியன் தந்தது கடதாசிக் குழல்;
இரண்டு உறிஞ்சலில் ஊறிச் செத்தது.
கிணற்றடிப் பப்பாசியில் இலைத்தண்டு முறித்து,
பால் போகக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்தேன்.
வாங்கிப் பார்த்தவர்
"பீப்பீ" என்று எழுதிக் காட்டினார்.

கிறீம் என்றொரு சாமான்
பெரிய கடையின் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிறது.
விலையைப் பார்த்தேன்.
கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தேன்.

மாஜரின் ஒரு கரண்டி.
அடுப்பு, அணையப்போகுமாப்போல எரிய வேணும்.
வெங்காயம் நிறம் மாறமுதல்
லீக்ஸின் வெள்ளைத்தண்டு,
தம்புள்ளை லொறியில் வந்து வாடின கரட்,
எங்கள் வளவுப் பூசணி,
சத்துக்கென்று ஒரு பிடி மைசூர்ப் பருப்பு.
கோதுமை மாவைத் தூவிக் கிளறிக்கொண்டே
பாலைச் சொட்டுச் சொட்டாய் விட வேணும்.
அவசரப்பட்டால் கட்டி.
நான் இரண்டு நாள் அவசரப்பட்டேன்.

பால் வந்த கதை வேறு.
நாலாம்நாள் விடிய, படலையில்
அரைப் போத்தலோடு வேலும்மயிலும் நின்றார்.
"அந்த மாடோ?" என்றேன்.
நிலத்தைப் பார்த்தார்.
"அதுக்கும் முழங்காலிலை காயம், தங்கச்சி"
என்றுவிட்டுச் சைக்கிளை உருட்டினார்.
பிறகு ஒருநாளும் தவறவில்லை.
காய்ச்சி ஆறவிட்டு, மேலே படர்ந்த ஆடையை
விரலால் வழித்துச் சூப்புக்குள் போடுவேன்.
கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் அந்தத் தடிப்பு
குளிர்ப்பெட்டிச் சாமானில் இருக்குமோ, தெரியாது.

ஒருநாள் எழுதினார்:
"இஞ்சேரும். பால் திறம். ஆரின்ரை மாடு?"
சொன்னேன்.
சிரிக்கக்கூடாது என்று தாதி சொல்லவில்லை,
சொல்லியிருக்க வேணும்.
மஞ்சள் சூப் மூக்கால் வந்தது.

பதினெட்டு வருஷம்
கோப்பையில் என்ன கிடக்குது என்று பாராமல்
நாளைய குலுக்கலைக் கதைத்துக் கதைத்தே
சாப்பிட்டு எழும்பின மனிசன்.
"உப்புக் கூட."
"மிளகு காணாது."
"இண்டைக்குக் கரட் மணக்குது."
சீட்டுகள் மேசை லாச்சிக்குள் சேருகின்றன.

கரண்ட் நின்ற பின்னேரங்களில்
கிரைண்டர் சும்மா இருக்கும்.
மத்தால் கடைந்து, தேத்தண்ணி வடியில்
தேய்த்துத் தேய்த்து இறக்குவேன்.
குழலுக்குள் போகக்கூடியது அவருக்கு.
வடியில் நிற்கும் தும்பும் தோலும்
செத்தல் மிளகாய் ஒன்று நுள்ளிப்போட்டு
எனக்கு, சோற்றுக்கு.

முப்பத்தோராம் நாள்
குசினி வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.
நான் காணவில்லை.
என் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு வந்து இருந்தது.
"இஞ்சேரும்" இல்லை. கோடும் இல்லை.
"சக்கையை என்ன செய்யிறீர்?"

எனக்கு வாய் இருக்கிறது.
என்றாலும் பேனையை வாங்கி
கீழே எழுதினேன்:
"தின்னுறன். உறைப்பாய் இருக்கு."